ஆடிட் பாஸ் ஆயிடுச்சாம்... அப்புறம் என்ன, பணத்தைக் கொட்டுங்க!

கடையைத் திறந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுபோக தினமும் ஓசூர்ல இருந்து எலக்ட்ரானிக் சிட்டி போய்ட்டு வர்றதுலயே பாதி உசுரு அத்திப்பள்ளி டிராஃபிக்ல போயிடுது. மீதி பாதியில பதிவு எழுதணும்னா கொஞ்சம் கோபம் வேணும். இன்னிக்கு இருக்கு.

போன வாரம் நம்ம சக பதிவர் ஒருத்தர் ஒரு புது கிரிப்டோ டோக்கன் பத்தி எழுதியிருந்தார். பேர் சொல்லல, சுட்டியும் தரல. அவரோட எனக்குத் தனிப்பட்ட தகராறு எதுவும் கிடையாது, நல்லா எழுதறவர்தான். ஆனா கடைசி வரி இப்படி முடிஞ்சிருந்தது: "ஸ்மார்ட் கான்ட்ராக்ட் ஆடிட் செய்யப்பட்டுள்ளது, எனவே பயமில்லாமல் முதலீடு செய்யலாம்."

என் சண்டை அந்த 'எனவே'யோட.

கீழே பின்னூட்டத்துல நாலு பேர் "தகவலுக்கு நன்றி நண்பரே"ன்னு போட்டிருந்தாங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தர் போய் பணம் போட்டிருந்தா? எனக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை. அதே 'எனவே'யை நானே ஒருத்தருக்குச் சொல்லியிருக்கேன். அவர் என் சித்தப்பா.

சித்தப்பா சிப்காட்ல ஒரு உதிரிபாகக் கம்பெனியில இருபத்தாறு வருஷம் குவாலிட்டில இருந்தவர். வண்டிக்குப் போற சின்னச் சின்ன பார்ட்டுங்க. அதோட விட்டம், துளை, மேற்பரப்பு எல்லாம் அளந்து பாஸ் பண்றதும் தள்றதும்தான் அவர் வேலை. நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க வீட்டுக்கு வந்தா மேசை மேல இருக்கற டம்ளரைக்கூட ஒரு கண்ணை மூடிப் பார்த்து "வாய் கோணலா இருக்குடா"ம்பார். அப்படி ஒரு மனுஷன். வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வீட்ல இருந்தப்ப, கையில கொஞ்சம் பணம் இருந்தது.

2023 கடைசியில கூட வேலை பார்த்த ஒருத்தர் அவரை ஒரு கல்யாண மண்டபக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். எந்த டோக்கன்னு பேர் சொல்லப்போறதில்லை, இன்னிக்கு அந்தப் பேரைத் தேடினாலும் பிரயோஜனம் இல்லை. மண்டபம் கர்நாடகா பக்கம், பணம் கை மாறினது ஓசூர் பக்கம். மேடையில கோட்டு போட்ட ஒருத்தர் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் பேசினாராம். நம்ம ஊருக்குத் தகுந்த ஆளு! கடைசியா திரையில ஒரு பச்சை டிக் காட்டியிருக்காங்க. "ஆடிட் பாஸ்".

சித்தப்பா லேசுல ஏமாறுற ஆள் இல்லை. அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி எனக்கு வாட்ஸப்ல அனுப்பினார். "டேய் கண்ணு, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இத கொஞ்சம் பாரு. ஆடிட்னு போட்டிருக்கான்."

நான் அன்னிக்கு பஸ்ல நின்னுக்கிட்டு வந்தேன். ஒரு கையில கம்பி, ஒரு கையில போன். பிடிஎஃப் முப்பது பக்கத்துக்கு மேல. முதல் பக்கத்தைப் பார்த்தேன், பச்சை டிக் இருந்தது. பதில் போட்டேன்: "ஆடிட் ஆகியிருக்கு சித்தப்பா, கோடு சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். ஏழு நொடி. நாலு லட்ச ரூபாய்.

அடுத்த சித்திரையில விக்கலாம்னு பார்த்தா விக்க முடியலை. வாங்க முடியுது, விக்க முடியலை. வித்தா கைக்கு வர்றது நூத்துக்கு ஒரு ரூபாய். அப்பதான் அந்த பிடிஎஃப்பை உக்காந்து முழுசாப் படிச்சேன். பதினோராம் பக்கத்துல இருந்தது. ஓனர் நினைச்சா விற்பனைக் கட்டணத்தை எவ்வளவு வேணா ஏத்தலாம், உச்சவரம்பு இல்லைன்னு தெளிவா எழுதியிருந்தாங்க. அதுக்குப் பக்கத்துல ஒரே ஒரு சொல்: "அக்னாலட்ஜ்டு". அதாவது, டோக்கன் போட்டவங்க "ஆமா, தெரியும்"னு சொல்லிட்டாங்க. மாத்தலை. தெரியும்னு சொன்னதோட சரி.

சித்தப்பாவுக்கு அதை விளக்கினேன். திட்டுவார்னு எதிர்பார்த்தேன். திட்டலை. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு கேட்டார்: "எங்க கம்பெனில ஒரு பார்ட் அளவு தப்புனா சிவப்பு டப்பால போடுவோம். உங்க ஆளுங்க தப்புனு எழுதி வெச்சுட்டு மேல பாஸ்னு சீல் போடுவாங்களா?"

நான் பொட்டி தட்டுறவன், பி.இ. முடிச்சவன். அந்தக் கேள்விக்கு என்கிட்ட இன்னிக்கும் நேர்மையான பதில் ஒண்ணுதான் இருக்கு. "ஆமா சித்தப்பா, போடுவாங்க."

இதுல இன்னொரு அசிங்கம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். சொ.செ.சூ.தான், இருந்தாலும் சொல்லாம மத்தவங்களைத் திட்டினா நல்லா இருக்காது. 2022ல சில மாசம் நான் வார இறுதியில ஒரு சின்ன ஆடிட் கடைக்கு பகுதி நேரமா வேலை செஞ்சேன். (பேர் வேண்டாம்.) சனிக்கிழமை காலைல கோடு வரும், ஞாயித்துக்கிழமை ராத்திரி அறிக்கை போகணும். ஸ்லிதர், மித்ரில் மாதிரி இலவசக் கருவிகள்ல கோடை ஓட்டுவோம். அது கக்குறதை பழைய அறிக்கையோட வார்ப்புல ஊத்துவோம். முதல் பக்கத்துக்கு மட்டும் டிசைனர் தனியா இருப்பார்! ஆக, உள்ளே என்ன நடக்கும்னு தெரிஞ்சவன் நான். தெரிஞ்சும் பஸ்ல நின்னுக்கிட்டு முதல் பக்கத்தை மட்டும் பார்த்து பதில் போட்டேன். அதனால இந்தப் பதிவுல வர்ற திட்டுல முதல் பங்கு எனக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஆடிட்னா என்ன, எது இல்லை

ஸ்மார்ட் கான்ட்ராக்ட்ங்கறது பிளாக்செயின்ல போட்டு வெச்ச ஒரு நிரல். டோக்கனும் அப்படித்தான். எத்திரியம்ல ஈஆர்சி-20 டோக்கன்னா அடிப்படையில ஒரு கணக்கு நோட்டு. யார்கிட்ட எவ்வளவு இருக்கு, யார் யாருக்கு மாத்தலாம், உங்க சார்பா வேற யார் எடுக்கலாம், அவ்வளவுதான். அந்த நோட்டுக்கு மேல எழுதறவன் இஷ்டத்துக்கு விதி சேர்க்கலாம். புதுசா டோக்கன் அச்சடிக்கற அதிகாரம், ஒருத்தரை கறுப்புப் பட்டியல்ல போடற அதிகாரம், விற்பனையை நிறுத்தற அதிகாரம், கட்டணத்தை மாத்தற அதிகாரம், கடைசியா முழு நிரலையே தூக்கிட்டு வேற நிரல் வைக்கற அதிகாரம்.

ஆடிட்டர் பார்க்கறது முக்கியமா ரெண்டு விஷயம். ஒண்ணு, வெளியாள் எவனாவது இந்த நிரலை ஏமாத்தி பணத்தை எடுக்க வழி இருக்கா? ரெண்டு, உள்ளாளுக்கு என்னென்ன அதிகாரம் இருக்கு? முதலாவது கண்டுபிடிச்சா பெரும்பாலும் திருத்துவாங்க, ஏன்னா அது டோக்கன் போட்டவனுக்கே நஷ்டம். ரெண்டாவதை எழுதி வைக்கறதோட ஆடிட்டர் வேலை முடிஞ்சுது. திருத்தறதும் திருத்தாததும் ஓனர் விருப்பம். "வேலை செய்யற மாதிரிதான் எழுதியிருக்கு" அப்படிங்கறதும் "யோக்கியமா எழுதியிருக்கு" அப்படிங்கறதும் வேற வேற. கன்னக்கோல் நல்ல இரும்புல செஞ்சதான்னு பரிசோதிச்சு சான்றிதழ் குடுத்தா, அது கன்னக்கோலுக்கான சான்றிதழ். திருடனுக்கான நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை.

முதல் வகைக்கு ஆடிட் எவ்வளவு அவசியம்னு தெரியணும்னா 2016 ஜூன் 17 போதும். 'தி டாவோ'ங்கற கூட்டு முதலீட்டு கான்ட்ராக்ட்ல, பணத்தை அனுப்பிட்டு அப்புறமா கணக்கைக் கழிக்கற மாதிரி எழுதியிருந்தாங்க. பணம் வாங்கற பக்கம் இருந்த நிரல், கழிக்கறதுக்குள்ள திரும்பத் திரும்ப உள்ளே வந்து "குடு, குடு"ன்னு கேட்டுது. 36 லட்சம் ஈத்தர் போச்சு. அதை மீட்கறதுக்காக எத்திரியம் சங்கிலியையே பிளந்தாங்க, அதனாலதான் எத்திரியம் கிளாசிக்னு இன்னொண்ணு இருக்கு. வரிசை மாறின ரெண்டு வேலை, அவ்வளவு பெரிய விளைவு. அதனால ஆடிட்டே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. ஆடிட் வேணும், நல்ல ஆடிட்டர்கள் உழைச்சுக் கண்டுபிடிக்கறாங்க. நான் சொல்றது 'எனவே'யைப் பத்தி மட்டும்.

பாஸ் ஆனதெல்லாம் எங்கே போச்சு?

2023 ஏப்ரல். இசட்கே-சிங்க் எரா சங்கிலில 'மெர்லின்'னு ஒரு பரிமாற்றத் தளம். செர்டிக் ஆடிட் செஞ்சதுன்னு பெருமையா சொல்லிக்கிட்டாங்க. சுமார் 18 லட்சம் டாலர் காலி. வெளியாள் யாரும் வரலை. மக்கள் போட்ட பணத்தை எடுக்கற அனுமதி உள்ளே இருந்த ஒரு முகவரிக்கு ஏற்கெனவே வரம்பில்லாம குடுக்கப்பட்டிருந்தது, அந்த வழியாப் போச்சு. செர்டிக் என்ன சொன்னாங்க? அதிகாரம் ஒரே கையில குவிஞ்சிருக்கற அபாயத்தை அறிக்கையிலேயே சொல்லியிருந்தோம்னாங்க. என் சித்தப்பாவோட பதினோராம் பக்கம் ஞாபகம் வருதா?

2023 மார்ச் 13. ஆய்லர் ஃபைனான்ஸ். இது யோக்கியமான ஆளுங்க, ஒண்ணு இல்லை பல ஆடிட் செஞ்சவங்க. 19 கோடி டாலருக்கு மேல போச்சு. ஓட்டை இருந்தது முந்தின வருஷம் புதுசா சேர்த்த ஒரு ஃபங்ஷன்ல. கடன் வாங்கினவன் தன் பிணையை நன்கொடையாக் குடுக்கலாம்னு ஒரு வசதி, குடுத்தப்புறம் அவன் கணக்கு தேறுமான்னு பார்க்க மறந்துட்டாங்க. அந்த மாற்றத்தையும் ஆடிட் பார்த்தது, கண்ணுல படலை. எடுத்தவன் பெரும்பகுதியைத் திருப்பிக் குடுத்தது அவங்க அதிர்ஷ்டம். நம்ம கல்யாண மண்டபக் கோட்டுக்காரர்கிட்ட அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்காதீங்க.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2024 ஜூலை 18. வசீர்எக்ஸ். ஒரே நாள்ல சுமார் 23 கோடி டாலர், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய். பணம் இருந்தது பல கையெழுத்து வாலட்ல. ஆறு சாவி, அதுல நாலு சேர்ந்தாதான் திறக்கும். அஞ்சு சாவி வசீர்எக்ஸ்கிட்ட, ஒண்ணு காப்பக நிறுவனமான லிமினல்கிட்ட. அந்த வாலட்டோட கான்ட்ராக்ட்ல ஓட்டை இல்லை. கையெழுத்து போட்டவங்க ஒண்ணுல போடறதா நினைச்சு வேற ஒண்ணுல போட்டாங்க. அந்த ஒரு கையெழுத்துல வாலட்டோட நிரலே மாறிப் போச்சு. யார் பக்கத் தப்புன்னு ரெண்டு நிறுவனமும் மாத்தி மாத்தி விரல் நீட்டினாங்க. 2025 ஜனவரியில அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூணும் சேர்ந்து வட கொரியாக் கும்பல் வேலைன்னு அறிக்கை விட்டாங்க. பணம் போட்டவங்க ஒரு வருஷத்துக்கு மேல காத்துக்கிட்டு இருந்தாங்க.

அதுல நம்ம மாநிலத்துக்காரங்களும் உண்டு. அப்படி ஒருத்தர் போட்ட வழக்குலதான் 2025 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்துதான், அதை நம்பிக்கை அடிப்படையில வெச்சிருக்க முடியும்னு சொல்லிச்சு. நல்ல தீர்ப்பு. ஆனா கவனிங்க, சொத்துன்னு நிரூபிக்கவே நீதிமன்றம் போக வேண்டியிருக்கற ஒரு சொத்தைத்தான் நாம பச்சை டிக்கைப் பார்த்து வாங்கறோம்.

ஆக மூணு வகை. மெர்லின்ல ஆடிட் சொல்லுச்சு, யாரும் கேக்கலை. ஆய்லர்ல ஆடிட் பார்த்துச்சு, தெரியலை. வசீர்எக்ஸ்ல பிரச்னை இருந்த இடமே கான்ட்ராக்ட் ஆடிட் பார்க்கற இடம் இல்லை. மூணுலயும் அந்த 'எனவே' செத்துப் போச்சு.

நாலாவது வகையும் இருக்கு. ஆடிட் பண்ணவே ஒண்ணும் இல்லாதது! பக்கத்துல கேரளால மலப்புறத்தை மையமா வெச்சு ஓடின மோரிஸ் காயின் ஞாபகம் இருக்கா? அமலாக்கத் துறை 2022 ஜனவரில 36.72 கோடி ரூபாய் சொத்தை முடக்குச்சு. மொத்த மோசடி சுமார் 1,200 கோடின்னு செய்திகள் வந்துச்சு. நம்ம கோயம்புத்தூர்ல இருந்து நடந்த ஒரு எக்ஸ்சேஞ்சுல பட்டியலாகியிருக்குன்னு சொல்லி, 1,500 ரூபாய்க்கு ஒரு காயின், பத்து காயின் வாங்கணும், 300 நாள் விக்கக் கூடாதுன்னு வித்தாங்க. இதுல சாலிடிட்டி படிச்சு என்ன செய்ய? 300 நாள் விக்கக் கூடாதுங்கற விதியே முழு ஆடிட் அறிக்கைதான். ஈமு கோழிக்கும் இதுக்கும் இறகு மட்டும்தான் வித்தியாசம்.

சிப்காட்காரனுக்குத் தெரிஞ்சது நமக்கு ஏன் தெரியலை?

இதுதான் என்னை ரொம்ப உறுத்துற இடம். ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி பக்கம் எந்த பட்டறைக்குள்ள போனாலும் ஆடிட்னா என்னன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருப்பார். சித்தப்பா அன்னிக்கு ராத்திரி எனக்குப் பாடம் எடுத்தார். நான் கோடு விளக்க, அவர் பட்டறை விளக்க... அதுல கத்துக்கிட்டது மூணு.

முதலாவது, யார் காசுல யார் வந்தாங்க? பட்டறைக்கு ரெண்டு வகை ஆடிட் வரும். பட்டறை முதலாளி காசு குடுத்துக் கூப்பிடற சான்றிதழ் கம்பெனி ஒண்ணு, சுவத்துல மாட்டற ஐஎஸ்ஓ அது. இன்னொண்ணு, பார்ட் வாங்கற பெரிய வண்டிக் கம்பெனி தன்னோட ஆளையே அனுப்பறது. முதலாவதுக்கு முந்தின நாள் தரை கழுவி மஞ்சக் கோடு புதுசா அடிப்பாங்க. ரெண்டாவதுக்குத்தான் நிஜமா வயித்தைக் கலக்கும். ஏன்னா அவன் வாங்கறவன் ஆளு. டோக்கன் ஆடிட்டுக்கு யார் காசு குடுக்கறது? விக்கறவன். வாங்கற சித்தப்பா சார்பா போன ஆள் யாரு? யாரும் இல்லை.

ரெண்டாவது, எந்தப் பொருளைப் பார்த்தாங்க? ஒரு மைக்ரோமீட்டர்ல ஒட்டியிருக்கற கேலிபரேஷன் ஸ்டிக்கர்ல அந்தக் கருவியோட நம்பர், பார்த்த தேதி, அடுத்து எப்ப பார்க்கணும் எல்லாம் இருக்கும். நம்பர் வேறன்னா ஸ்டிக்கர் செல்லாது. டோக்கன் அறிக்கையிலயும் எந்தக் கோப்பு, எந்தப் பதிப்புன்னு இருக்கும். ஆனா சங்கிலியில ஓடறது அதே நிரல்தானா? அறிக்கையில இருக்கற முகவரியும் நீங்க வாங்கற முகவரியும் ஒண்ணுதானா? எத்தனை பேர் ஒப்பிட்டுப் பார்த்தோம்? அதுலயும் மாத்தக்கூடிய கான்ட்ராக்ட்னா, முகவரி அப்படியே இருக்கும், உள்ளே இருக்கறது நாளைக்கு வேற. ஸ்டிக்கரை விட்டுட்டு மைக்ரோமீட்டரை மாத்தற கதை.

மூணாவதுதான் சித்தப்பாவுக்குக் கோபம் வந்த இடம். "டீவியேஷன்"ம்பாங்க. அளவு கொஞ்சம் தப்பின பார்ட்டை, அவசரத்துக்கு அப்படியே அனுப்பணும்னா ஒரு படிவம் போடணும். அதுல கையெழுத்து போட வேண்டியது யாரு? வாங்கறவன். "பரவாயில்லை, நான் ஏத்துக்கறேன்"னு வாங்கறவன் சொல்லணும். "அக்னாலட்ஜ்டு"ல யார் கையெழுத்து? விக்கறவன்! தன் தப்பைத் தானே ஏத்துக்கிட்டு, தானே மன்னிச்சுக்கிட்டு, அதுக்கு பச்சை டிக்கும் வாங்கிக்கிறான். "இப்படி ஒரு டீவியேஷனை எங்க கம்பெனில நான் அனுப்பியிருந்தா அன்னிக்கே கேட்டுக்கு வெளிய நின்னிருப்பேன்டா"ன்னார். இருபத்தாறு வருஷம் இதையே வேலையா செஞ்ச மனுஷன், தன் பணத்துக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேக்கலை. ஏன் கேக்கலை? "அது கம்ப்யூட்டர் விஷயம், பையனுக்குத் தெரியும்"னு நம்பினார். பையன் பஸ்ல நின்னுக்கிட்டு வந்தான்.

சில மறுப்புகளுக்கு முன்கூட்டியே

"நாமதான் சொந்தமா ஆராய்ச்சி பண்ணணும், ஆடிட்டரைக் குறை சொல்லக் கூடாது"ன்னு ஒரு கோஷ்டி வரும். வாங்க. சொந்த ஆராய்ச்சின்னா எது? அந்த பிடிஎஃப்பைப் படிக்கறதுதானே? அதோட மொழி சாதா ஜனத்துக்குப் புரியாதுன்னு தெரிஞ்சுதான் முதல் பக்கத்துல பச்சை டிக் வைக்கறாங்க. படிக்க முடியாத அறிக்கைக்குப் படிக்கக்கூடிய ஒரு பொய்ச் சுருக்கம். அப்புறம் ஏமாந்தவன்கிட்ட "நீ ஏன் பதினோராம் பக்கம் பாக்கலை"ன்னு கேட்டா அது நியாயமா?

"ஆடிட்டர் தெளிவா இது முதலீட்டு ஆலோசனை இல்லைன்னு எழுதியிருக்காரே"ம்பாங்க. எழுதியிருக்கார், கடைசிப் பக்கத்துல, எறும்பு எழுத்துல. அப்ப முதல் பக்கத்து டிக்கை எடுத்துடுங்க. உள்ளாள் அதிகாரம் பத்தின கேள்வி திருத்தாம இருந்தா 'பாஸ்'ங்கற சொல்லே வரக் கூடாது. இது பெரிய தொழில்நுட்பம் இல்லை, ஒரு சிவப்பு டப்பா.

"கம்பெனி கணக்கு ஆடிட்ல மட்டும் ஓட்டை இல்லையா, சத்யம் என்னாச்சு?"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. 2009 ஜனவரி 7ல ராமலிங்க ராஜு கடிதம் எழுதற வரைக்கும் 7,000 கோடிப் பொய்க் கணக்குல ஆடிட்டர் கையெழுத்து இருந்தது, உண்மை. ஆனா அதுக்கப்புறம் அந்த ஆடிட்டர்கள் மேல வழக்கு வந்துச்சு, தடை வந்துச்சு. பட்டயக் கணக்காளர்னா 1949லயே போட்ட சட்டம் இருக்கு, பதிவு எண் இருக்கு, பறிக்க ஒரு உரிமம் இருக்கு. டோக்கன் கான்ட்ராக்ட் ஆடிட்டருக்கு அப்படி என்ன இருக்கு? நான் 2022ல செஞ்சேனே, என்கிட்ட என்ன பறிக்க முடியும்? லேப்டாப்பையா? எக்ஸ்சேஞ்சுகளாவது 2023 மார்ச்ல இருந்து பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள்ள வந்திருக்கு. கல்யாண மண்டப டோக்கனோட நிரலை எந்தச் சட்டம் படிக்குது? அரசாங்கம் மட்டும் 30 சதவீத வரியை மறக்காம வெச்சிருக்கு. அதுலயும் ஒரு டோக்கன்ல வந்த நஷ்டத்தை இன்னொண்ணுல வந்த லாபத்துல கழிக்க முடியாது.

"டெக்னாலஜியைத் தப்பு சொல்றியா?"ன்னு கடைசியா ஒருத்தர் வருவார். இல்லைங்க. சங்கிலி சொன்னதைத்தான் செஞ்சுது. நூத்துக்கு 99 எடுன்னு எழுதியிருந்தது, எடுத்துச்சு. அது ஒண்ணுதான் இந்தக் கதையில நேர்மையா நடந்துக்கிட்டது!

சரி, என்னதான் செய்யறது?

சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டோக்கன் பத்தி எழுதறதும் எழுதாததும் உங்க இஷ்டம். எழுதினா, "ஆடிட் செய்யப்பட்டது"ன்னு போடறதுக்கு முன்னாடி இந்த அஞ்சுக்கும் பதில் போடுங்க. பதில் தெரியலைன்னா தெரியலைன்னு போடுங்க, அதுவே பாதி உசுரைக் காப்பாத்தும்.

1. ஆடிட்டுக்குக் காசு குடுத்தது யாரு?

2. அறிக்கையில இருக்கற கான்ட்ராக்ட் முகவரியும் இப்ப ஓடற முகவரியும் ஒண்ணா? நிரல் எத்தர்ஸ்கேன் மாதிரி தளத்துல சரிபார்க்கப்பட்டு எல்லாரும் படிக்கற மாதிரி இருக்கா?

3. அறிக்கையில 'அக்னாலட்ஜ்டு'ன்னு போட்டு திருத்தாம விட்டது எத்தனை, எது எது?

4. ஓனர் தனியா என்னென்ன செய்யலாம்? அச்சடிக்க, நிறுத்த, கட்டணம் ஏத்த, நிரலையே மாத்த? அந்தச் சாவி ஒருத்தர் கையிலயா, பல பேர் கையிலயா? மாத்தினா அமலுக்கு வர்றதுக்கு முன்னாடி காத்திருப்பு நேரம் உண்டா?

5. சின்னத் தொகைக்கு வாங்கி, அன்னிக்கே வித்துப் பார்த்தீங்களா? வித்த காசு கைக்கு வந்துச்சா? (இன்னிக்கு வந்தா நாளைக்கும் வரும்னு அர்த்தம் இல்லை, நாலாவதை மறுபடி படிங்க.)

2021 நவம்பர்ல ஸ்க்விட் டோக்கன் 2,800 டாலருக்கு மேல போய், சில நிமிஷத்துல ஒண்ணுமில்லாம ஆச்சே, அதுல அஞ்சாவது கேள்வி ஒண்ணே போதும். வாங்கினவங்க பல பேரால விக்கவே முடியலை. ஏறுது ஏறுதுன்னு செய்தி வந்துக்கிட்டே இருந்தது. ஏறாம என்ன செய்யும், வாங்க மட்டும்தானே முடியும்!

இதுக்கெல்லாம் முன்னாடி பூஜ்ஜியமாவது கேள்வி ஒண்ணு இருக்கு, அதுக்கு பிடிஎஃப்பே வேண்டாம். மாசம் இத்தனை சதவீதம் நிச்சயம்னு எவனாவது சொல்றானா? சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க. டீ வந்தா மட்டும் குடிச்சுட்டு வாங்க. ஏற்கெனவே மாட்டிக்கிட்டீங்கன்னா வெக்கப்பட்டுக்கிட்டு உக்காராதீங்க, உடனே 1930க்கு போன் பண்ணுங்க. நாங்க அதைச் செய்யறதுக்கே நாலு மாசம் ஆச்சு. சித்தப்பா வெளிய சொல்லக் கூடாதுன்னு பிடிவாதமா இருந்தார். அப்புறம் போனா, கூட்டம் நடந்தது அந்தப் பக்கம், பணம் குடுத்தது இந்தப் பக்கம். ஜூஜூவாடிக்கு அங்கிட்டா இங்கிட்டாங்கறதுலயே ஒரு அலுவலகத்துல இருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அலைஞ்சோம். பிளாக்செயினுக்கு எல்லை இல்லைன்னு மேடையில சொன்னாங்களே, புகார் மனுவுக்கு இருக்கு.

பணம் இன்னும் வரலை. வரும்னு எனக்கு நம்பிக்கையும் இல்லை. சித்தப்பா இப்ப ஒரு சின்னப் பட்டறையில வாரத்துக்கு நாலு நாள் இன்ஸ்பெக்ஷனுக்குப் போறார். ஓய்வு எடுக்க வேண்டிய வயசுல மறுபடியும் வெர்னியர் கையில. என்மேல கோபம் இல்லைன்னு சொல்றார். ஆனா அதுக்கப்புறம் எதையும் என்கிட்ட "கொஞ்சம் பாரு கண்ணு"ன்னு அனுப்பறதில்லை. நாலு லட்சத்தைவிட எனக்கு அதுதான் வலிக்குது.

அதனாலதான் அந்த ஒரு வரிக்கு இவ்வளவு பெரிய பதிவு. நம்மளைப் படிக்கறவங்க நாம படிச்சிருப்போம்னு நம்பறாங்க. படிக்கலைன்னா 'எனவே' போடாதீங்க. "ஆடிட் செய்யப்பட்டுள்ளது, நான் அதைப் படிக்கவில்லை"ன்னு போடுங்க. வாக்கியம் அழகா இருக்காது, ஆனா உண்மையா இருக்கும்.

டிஸ்கி 1: இது அந்தப் பதிவருக்கு எதிரான உள்குத்துப் பதிவு இல்லை. வெளிக்குத்துதான். அவருக்கு மெயில்லயும் அனுப்பிட்டேன்.

டிஸ்கி 2: "எந்த டோக்கன் வாங்கலாம்?"னு பின்னூட்டத்துல கேக்காதீங்க. பதில் வராது. உங்ககிட்ட ஆடிட் அறிக்கை ஏதாவது இருந்து புரியலைன்னா அனுப்புங்க, படிச்சுச் சொல்றேன். இந்த முறை உக்காந்து, கடைசிப் பக்கம் வரைக்கும்.